மூட்டில் கோத்த சீழ் காத்திராது

திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு,

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமுமாக நெல் விளைவித்து வாழும் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியனாய் உழைத்து ஓய்வு பெற்ற நான் வைத்தியம் படித்தவனல்லன். ஆயினும் என் தமக்கையின் பேரனுக்கு நேர்ந்த துன்பத்தின் காரணத்தை ஐந்து ஆண்டுகளாக விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைப்பது கடமையென்று கருதி இதனை எழுதுகிறேன்.

அப்போது அவனுக்கு வயது நான்கு. முழங்காலில் ஆறிவந்த ஒரு சிரங்கைத் தவிர வேறு குறையில்லாத பாலகன், ஓர் இரவு காய்ச்சலுற்று, விடிந்தபோது இடது தொடையை மடக்கி வெளிப்புறமாகச் சாய்த்தபடியே கிடந்தான். கால்சட்டை மாற்றக் கை வைத்தால் வீடே அதிர அலறினான். சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவி நீவிவிடச் செய்தோம். பிறகு ஒரு சிறு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் தணிந்தது, நாங்களும் ஆறுதல் கொண்டோம். ஆறாம் நாள் வேறோர் இடத்தில் அறுவை செய்து இடுப்பு மூட்டைத் திறந்தபோது உள்ளே சீழ் தேங்கியிருந்தது. உயிர் தப்பியது, இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாயிற்று. இன்று அவனுடைய இடது செருப்பின் அடியில், அம்பாசமுத்திரத்துத் தொழிலாளி ஒருவர் ஒன்றன்மேலொன்றாக வைத்துத் தைத்த தோல் அடுக்குகள் மூன்று இருக்கின்றன.

மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு இரத்த நாளங்கள் நிறைந்தது. ஆதலால் ஒரு கொப்புளத்திலிருந்தோ முள் குத்திய புண்ணிலிருந்தோ இரத்தத்தில் கலந்த கிருமி, பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது, அங்கே எளிதில் குடியேறிவிடுகிறது. அதனை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் சொரியும் நொதிகளும் கிருமியின் நஞ்சும் சேர்ந்து, இரத்தவோட்டமே இல்லாத குருத்தெலும்பைச் சில நாள்களுக்குள் அரித்துவிடுகின்றன. அரித்தது பழையபடி வளர்வதில்லை. இடுப்பிலோ, தேங்கிய சீழின் அழுத்தம் தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தத்தையே தடுத்துவிடுகிறது. 2006-இல் நம் மாநிலத்தை வாட்டிய சிக்குன்குனியாவுக்குப் பின், காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் அதுவே என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடம் ஊறிவிட்டது. அது பல மூட்டுகளை ஒருசேரப் பற்றுவது, மூட்டில் சீழ் கோக்கும் இந்நோயோ பெரும்பாலும் ஒற்றை மூட்டைப் பற்றுவது.

சிகிச்சையின் முதற்படி, வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீரை எடுத்துப் பார்ப்பது. அது கலங்கியிருந்து, ஒரு கன மில்லிமீட்டரில் 50,000-க்கு மேல் வெள்ளணுக்கள் காணப்பட்டால், சீழ் என்றே கொண்டு நடக்கவேண்டும். நோயாளி உயிருக்கு அபாயமான நிலையில் இருந்தாலன்றி, நீரை எடுத்த பிறகே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கவேண்டும்; முன்பே கொடுத்துவிட்டால் கிருமி சோதனையில் வளராமல் ஒளிந்துகொள்ளும், எந்த மருந்துக்கு அது மடியும் என்பதும் தெரியாமற்போகும். மருந்து மட்டும் போதாது, சீழ் வெளியேறியாகவேண்டும். ஊசியால் மீண்டும் மீண்டும் எடுத்தோ, நுண்துளை வழியாகக் கழுவியோ, மூட்டைத் திறந்தோ அதனைச் செய்கிறார்கள். மருந்து பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அதன்பின் மூட்டு இறுகிப்போகாதபடி பயிற்சி.

நம் ஆற்றங்கரைக்கே உரிய கவலையொன்றும் உண்டு. சேற்று வயலின் மண்ணில் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்னும் கிருமி, மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்குவது. இரங்கூனில் விட்மோர் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளரான கிருஷ்ணசுவாமியும் 1912-இல் அந்நோயை உலகுக்கு அறிவித்தார்கள். வெறுங்காலோடு நடவு வயலில் இறங்குவோரை, அதிலும் நீரிழிவுள்ளவர்களை, மழைக்காலத்தில் அது பற்றுகிறது; நுரையீரலோடு நில்லாமல் மூட்டுகளிலும் சீழ் கோக்கச் செய்கிறது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இரத்த நாளம் வழியே செலுத்தி, பின்னும் மூன்று மாதமேனும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கவேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை வெள்ளம் பரந்ததைக் கண்ட நாம், சேற்றில் நின்றே பிழைக்கும் நம் மக்களுக்கு இந்நோய் வரக்கூடும் என்பதை மறந்திருத்தல் தகாது.

ஆகவே, மாவட்டத்தின் தாலுகா மருத்துவமனைகள் யாவற்றிலும், காய்ச்சலோடு ஒற்றை மூட்டு வீங்கி வருவோருக்கு அன்றைக்கே மூட்டு நீர் எடுக்கவும், எடுத்த நீரைத் தாமதமின்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும், நோயாளி வயலில் இறங்குபவரா என்று சீட்டிலேயே குறிக்கவும் ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். நடக்க மறுக்கும் குழந்தையை நீவிவிடுமுன் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று, நியாயவிலைக் கடை வாசலிலும் அங்கன்வாடியிலும் ஒரு தட்டி எழுதி வைத்தாற்கூட எங்கள் வீட்டைப்போன்ற வீடுகளுக்கு அது போதும். கார் நாற்றங்கால் போட மக்கள் மீண்டும் சேற்றில் இறங்குவதற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன.

அடுத்த திங்கட்கிழமை, கொக்கிரகுளத்தில் தங்கள் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, இம்மடலின் படியோடு வரிசையில் நிற்பேன். பள்ளி விடுமுறையாதலால் சிறுவனும் உடன் வருகிறான்.

இங்ஙனம்,
அம்பாசமுத்திரம் வட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்