கைப்பொருள் இல்லாத உரைகோளாளன்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தம் நூலின் பொதுப்பாயிரத்தில், யார் யார்க்கு நூல் உரைத்தல் தகும் என்று ஒரு வரிசை வகுக்கின்றார். ஆசிரியனுடைய மகன், அவனுக்குக் கற்பித்த ஆசானுடைய மகன், மன்னன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், உரைத்ததை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையவன் என்போர் அவ்வரிசையில் இடம்பெறுவர். இறுதியில் நிற்பவனுக்கு உரைகோளாளன் என்று பெயர். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை இவ்வறுவருள் யாவன்? அவன் தந்தை ஆசிரியனும் அல்லன், மன்னனும் அல்லன். மிகுதியாகக் கொடுக்க அவ்வீட்டில் பொருளும் இல்லை. வழிபாடும், கொள்ளும் ஆற்றலுமே அவன் கையிலுள்ள முதல். அம்முதல் ஒன்றையே கொண்டு அவன் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள்.

"கல்விதான் இலவசமாயிற்றே, இன்னும் நன்கொடை எதற்கு?" என வினவுவார் உளர். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது உண்மையே. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அந்நிழலுக்குப் புறத்தே நின்றன. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. அப்பொறுப்போ எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் அளவில் அடங்கிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்கள் நாடற்றவராயினர். அப்பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களிலேயே ஆகும். நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு முன்னரே ஏறிவிட்ட படியில், மலையகப் பிள்ளை அப்போதுதான் கால் வைத்தான்.

இன்றும் இடர் முற்றும் தீர்ந்தபாடில்லை. உயர்தர வகுப்பிற் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் வசதி எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. ஆதலின் அப்பாடங்களை விரும்பும் மாணவன் ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ செல்லவேண்டியவனாகின்றான். பேருந்துக் கட்டணம், விடுதிச் செலவு, நூல்விலை, மாலை வகுப்புக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வந்து நிற்கின்றது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என 2021இலும், 1,350 ரூபா என 2024இலும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பெயர் விழுந்த நாளுக்கே கூலி. கொழுந்து குறைந்த காலத்தில் வேலைநாளும் குறையும். இந்நிலையில் நன்றாகக் கற்கும் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திக் கொழும்புக் கடைக்கோ தொழிற்சாலைக்கோ அனுப்பும் தாயை நாம் குறைகூறல் தகுமா?

இவ்விடத்தே உதவிய கைகளை மறத்தல் ஆகாது. ஹற்றனில் மெதடிஸ்த மிஷனார் 1892இல் தொடங்கிய சிறு பள்ளியே பின்னர் ஹைலன்ஸ் கல்லூரியாக வளர்ந்தது. 1940களில் தோன்றிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், இந்தியத் தூதரகத்தின் வழியாக, உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் தொழிலாளர் பிள்ளைகட்குப் புலமைப்பரிசில் வழங்கி வந்துள்ளது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மஹாபொல நிதியமும் பல்கலைக்கழகம் புகுந்தார்க்குத் துணைசெய்கின்றது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும் மஹாபொல போன்ற உதவி ஆற்றைக் கடந்தவனுக்குக் கிடைக்கும் உதவியாகும். மலையக மாணவர் பலர் நின்றுவிடுவது ஆற்றின் நடுவில், உயர்தர வகுப்பின் அவ்விரண்டாண்டுகளில். ஆகவே தனியார் அறம் முதலில் நாடவேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு.

கொடுக்கும் முறை குறித்தும் இரண்டு சொல்லவேண்டும். ஒன்று, இடையறாமை. ஆண்டுக்கொருமுறை விழா எடுத்து ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவதினும், திங்கள்தோறும் சிறு தொகையைத் தேர்வு முடியுமளவும் தவறாது கொடுப்பது பன்மடங்கு பயன் தரும். விடுதிக் கட்டணம் மாதந்தோறும் அன்றோ வருகின்றது? மற்றொன்று, மாணவனின் மானம். என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி, பரிசளிப்பு மேடையில் "வறிய மாணவர்" என்று அழைத்தபோது எழாமலே இருந்துவிட்டாள். பின்னர்க் கேட்டேன். "ஐயா, என் புள்ளிகளைச் சொல்லி அழைத்திருந்தால் வந்திருப்பேன்" என்றாள். அச்சொல்லில் ஒரு நீதி உண்டு. வறுமை விண்ணப்பத்தாளில் இருக்கட்டும். மேடையில் அவள் திறமையே பேசப்படட்டும். ஒளிப்படத்துக்காகக் கொடுப்பது ஈகையன்று, வாணிகமே.

தனியார் கொடை பெருகினால் அரசு தன் கடமையை மறக்குமே என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆதலின் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம். ஆசிரியரை நியமித்தலும், ஆய்வுகூடம் அமைத்தலும், விடுதி கட்டுதலும் அரசின் கடன். அவற்றை ஓயாது கேட்பது நம் உரிமை. அவை வருமளவும் இன்று பதினேழு வயதில் இருப்பவன் காத்திருக்க முடியாது. அவன் உணவுக்கும் வழிச்செலவுக்கும் நூலுக்கும் உதவுவது நம் கடன்.

கொடுப்பார் யாவர் எனின், செல்வர் மட்டுமல்லர். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் அறங்களுக்கென எழுதிவைத்த பொருளின் எஞ்சிய பகுதியே, 1842இல் அவர் பெயரால் ஒரு பள்ளியாயிற்று. பின்னர்க் கல்லூரியாகவும் உயர்ந்தது. ஆண்டுதோறும் நம் தோட்டங்களில் மாரியம்மனுக்குத் திருவிழா நடக்கின்றது. தொழிலாளர் தம் வியர்வையிற் பங்கு கொடுத்து அதனை நடத்துகின்றனர். அம்மனுக்கு ஒரு குறையும் வையாமல், வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செல்லும் பணத்தில் ஒரு பகுதியை அத்தோட்டத்து உயர்தர வகுப்பு மாணவர்க்கென ஒதுக்கலாகாதா? அம்மலைகளிற் பிறந்து கற்றுப் பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் இன்று விளங்குவோர், ஆளுக்கொரு மாணவனைத் தேர்வு முடியும்வரை ஏற்கலாகாதா? பாடசாலைதோறும் அதிபர், பெற்றோர், பழைய மாணவர் மூவரும் கூடிய சிறு நிதியம் அமைத்து, வரவுசெலவைச் சுவரில் ஒட்டிவைத்தால், ஐயமின்றிக் கொடுப்பார் தொகை தானே பெருகும்.

உரைகோளாளர் நம் மலைகளில் உளர் என்பதற்கு, ஆண்டுதோறும் அவரைக் காணும் ஆசிரியர் நாமே சான்று. அவர்க்கில்லாத பொருளைப் பிறர் ஒருவர் கொடுப்பாராயின், மன்னன் மகனுக்கும் லயத்துப் பிள்ளைக்கும் பாடம் ஒன்றே. எதிர்வரும் தவணை தொடங்குமுன், இதனைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடசாலையில் அத்தகைய மாணவர் ஒருவரின் பெயரையேனும் தெரிந்து, அவர்க்கு உதவக்கூடிய ஒருவரின் கதவைத் தட்டுவாராக.