"ஓடுதே சார்" என்பது பதில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கோடிங் தெரியாதவர்களும் படிக்கலாம்.

பழைய மாணவர்கள் சிலர் தங்கள் மேட்லேப் புரோகிராம்களை இன்னமும் எனக்கு அனுப்புகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஒரு கெட்ட வழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பீம்1, பீம்2 என்று பீம்12 வரை பன்னிரண்டு ஃபங்ஷன்கள். ஒரு லூப். அதற்குள் 'பீம்' என்ற சொல்லோடு எண்ணை ஒட்டிப் பெயர் தயாரித்து, ஈவால் கையில் கொடுத்துவிடுவது. கேட்டால் "ஓடுதே சார்" என்கிறார்கள்.

ஓடத்தான் செய்யும். எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மேட்லேப் 2002-ல் 6.5 பதிப்பிலேயே லூப்களை வேகப்படுத்தும் ஜேஐடி வசதியைக் கொண்டுவந்தது. ஈவாலுக்குள் இருப்பது வெறும் எழுத்துச் சரம். முன்கூட்டி அதற்குள் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படித்துப் பொருள் கண்டுபிடிக்க வேண்டும்.

வேகம் சின்னக் குற்றம்தான். அடுத்ததைக் கேளுங்கள். பீம்7-ஐ யார் அழைக்கிறார்கள் என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை, "யாரும் பயன்படுத்தவில்லை" என்று அதை அழித்துவிடுவான். அவனைத் திட்டி என்ன பயன்?

பெரிய குற்றம் இது. மேட்லேப்பில் ஃபங்ஷனை அழைப்பதற்கும் வரிசையில் ஓர் எண்ணை எடுப்பதற்கும் ஒரே அடைப்புக்குறிதான். பீம்7 என்ற பெயரில் ஒரு வேரியபிள் அங்கே இருந்துவிட்டால் அதற்குத்தான் முன்னுரிமை. பீம்7(3) என்றால் கணக்கு நடக்காது, அந்த வரிசையின் மூன்றாவது எண் வந்து நிற்கும். எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. அந்த எண்ணை நம்பி நாளை ஒருவர் உத்திரத்துக்குக் கம்பி கணக்கிடுவார். அதன் கீழே மனிதர்கள் குடியிருப்பார்கள்.

கல்யாணப் பந்தியில் பரிமாறும் ஆட்களை முன்னாடியே வரிசையாக நிறுத்திவிடுகிறோம். ஒவ்வோர் இலைக்கும் சீட்டில் பெயர் எழுதி ஊருக்குள் ஆள் தேடினால், அதே பெயரில் வேறொருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

வழி எளிது. @ குறி போட்டு ஃபங்ஷன் ஹேண்டில்களை லூப்புக்கு வெளியே ஒருமுறை செல் அரேயில் அடுக்குங்கள். உள்ளே கே-யாவதை எடுத்து அழையுங்கள். பைத்தானில் ஃபங்ஷன்களை நேராக லிஸ்டிலோ டிக்ஷனரியிலோ வைக்கலாம். பன்னிரண்டும் ஓர் எண்ணில் மட்டுமே வேறுபடுகின்றன என்றால், பன்னிரண்டு எதற்கு? அந்த எண்ணை உள்ளீடாக வாங்கும் ஒரே ஃபங்ஷன் போதும்.

"பெயர் ஃபைலிலிருந்து வருகிறதே சார்" என்பீர்கள். நியாயம். அப்போதும் அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, லூப் தொடங்கும் முன்பே ஹேண்டிலாக மாற்றுங்கள். வெளியிலிருந்து வந்த எழுத்தை அப்படியே ஈவாலுக்குக் கொடுத்தால், உங்கள் ஃபைல்களை அழிக்கச் சொல்லும் கட்டளையையும் அது கேள்வி கேட்காமல் நிறைவேற்றும்.

கல்லூரிகளில் பாடம் நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடை சரியாக வந்தாலும் லூப்புக்குள் ஈவால் இருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "ஓடுதே சார்" என்று மட்டும் எழுதாதீர்கள்.