புனைபெயரும் பொறுப்பும்

நாவலாசிரியர் ஒருவர் ஒரு பெயரிற் கதையும், மற்றொரு பெயரிற் கவிதையும், வேறொரு பெயரிற் கண்டனமும் எழுதுவது முறையோ என்னும் வினா நம்மவரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. முறையன்று என்பார் ஒரு சாரார். எழுத்தே வேண்டுவது, எழுதியவர் யாராயின் என்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியும் எனக்கு உடன்பாடல்ல. பல பெயர் பூணுதல் எழுத்தாளனுக்கு உரிமை. அப்பெயர்கள் யாவும் ஒருவனுக்கே உரியன என்பதைக் காலந் தாழ்த்தாது பதிந்துவைத்தல் அவனுக்கும் அவனைச் சூழ்ந்தார்க்கும் கடன். இதுவே என் துணிபு.

முதற்கண் உரிமையை நோக்குவோம். நன்னூலார் பாயிரத்துக்குரிய எட்டுப் பொருள்களை எண்ணுமிடத்து ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். ஆயினும் அது பெற்றோர் இட்ட பெயராகவே இருத்தல் வேண்டுமென்று அவர் விதித்தாரல்லர். குறுந்தொகையிலே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்போர் தம் பாட்டில் வந்த தொடராலேயே பெயர் பெற்று நிற்கின்றனர். அண்மைக் காலத்தில் ரா. கிருஷ்ணமூர்த்தி நாவலுக்குக் 'கல்கி' என்றும், இசை நடன விமரிசனத்துக்குக் 'கர்நாடகம்' என்றும் பெயர் கொண்டார். 'கர்நாடகம்' என்று கண்ட வாசகன் கச்சேரியைப் பற்றிய செய்தி வருகின்றது என்று அறிந்துகொண்டான். இத்தகைய பெயர் ஆளை மறைக்குந் திரையன்று. துறையைக் காட்டும் பெயர்ப்பலகை.

இனி, நம் நாட்டு அ. ந. கந்தசாமியை எடுத்துக்கொள்வோம். 1924இற் பிறந்து 1968இல் மறைந்த அவர், 'மனக்கண்' என்னும் நாவலைத் தினகரனில் தொடராக எழுதினார். 'மதமாற்றம்' என்னும் நாடகத்தை யாத்தார். எமிலி ஸோலாவின் 'நானா'வைச் சுதந்திரன் வாயிலாகத் தமிழிலே தந்தார். 'வெற்றியின் இரகசியங்கள்' என்று வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூலும் செய்தார். கவிதை எழுதுங்கால் அவர் 'கவீந்திரன்'. சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியபோது 'பண்டிதர் திருமலைராயர்'. நாற்பத்து நான்கு வயதும் நிரம்பாத ஒருவர் இத்தனை துறைகளிற் புகுந்து உழைத்தாரென்றால், ஒரு பெயர் அவருக்குப் போதாமற் போனதில் வியப்பில்லை.

எனினும் 'பண்டிதர்' என்னும் அடைமொழியில் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. கவீந்திரன் என்று ஒருவர் தம்மை அழைத்துக்கொள்ளலாம்; அதன் பொருத்தத்தைக் கவிதையே சொல்லிவிடும். பண்டிதர் என்பதோ இங்கு வெறும் பெயரன்று. ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பிரவேச, பால, பண்டித பரீட்சைகளைத் தாண்டிப் பெறும் பட்டம். பழைமைவாதிகளை அவர்தம் வேடத்திலேயே எதிர்கொண்ட அங்கதம் என்று கொள்வார் கொள்க. பெயரைப் புனையலாம், தகுதியைப் புனையலாகாது என்னும் எல்லையை நான் விட்டுக்கொடேன்.

அதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. சேர் வால்டர் ஸ்கொட், 1814இல் 'வேவர்லி'யைப் பெயரின்றி வெளியிட்டு, 1816இல் ஜெடிடையா கிளைஷ்பொதம் என்னும் கற்பனைப் பள்ளியாசிரியர் பெயரிலே வேறு கதைகளை வெளியிட்டார். எங்கள் தொழிலுக்கு அவர் செய்த மரியாதை அது! ஆனால் அக்கதைகளைப் பற்றி 1817இற் 'குவாட்டர்லி ரிவியூ' என்னும் இதழில் வந்த, பெயரற்ற மதிப்புரையின் பெரும்பகுதியும் அவரே எழுதியது. தன்னைத் தான் புகழ்தல் தகாதென்று விலக்கிய நன்னூலார், முகமூடி அணிந்தாற் புகழலாம் என்று விலக்களித்தாரா? ஒருவர் இருவராக நின்று ஒரே கருத்துக்குச் சாட்சி சொல்லுமிடத்திற் புனைபெயர் பொய்யாகிவிடுகிறது. ஸ்கொட் 1827இல் ஒரு விருந்துச் சபையிலே கதைகள் யாவும் தம்முடையனவே என ஒப்பினார். அந்த ஒப்புதல் இருந்தமையாலன்றோ இன்று அவரை முழுமையாக மதிப்பிட முடிகின்றது!

'எழுதியவர் யாராயின் என்ன' என்பாருக்கு இங்கே விடை கிடைக்கின்றது. ஒரே பாட்டுப் பாடியவருக்குச் செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் போதும். நாவல், நாடகம், கவிதை, ஆராய்ச்சி என விரிந்த ஒருவரைத் துண்டுதுண்டாகக் கண்டால், அவரது வளர்ச்சியையும் முரணையும் காண்பதெங்ஙனம்? ஒளவையார் என்னும் ஒரு பெயருள்ளே பல காலத்துப் புலவர் அடங்கியமையால், அதியமானைப் பாடியவரும் ஆத்திசூடி செய்தவரும் ஒருவரே என்று மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். நாங்கள் ஆண்டுதோறும் சிவப்பு மையாற் கோடிடுகின்றோம். ஒரு பெயருள்ளே பலர் அடங்கியதன் விளைவு இது. பல பெயருள்ளே ஒருவர் சிதறினால் விளைவது இதனினும் கொடிது. அங்கே கோடிடுவதற்கும் ஆள் இராது.

ஈழத்தவராகிய நமக்கு இது வீண் வாதமன்று. நம் எழுத்தாளரின் படைப்புக்களிற் பெரும்பாலன நூலாகாமற் பத்திரிகைத் தாளிலேயே தங்கிவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பின்வந்த போராண்டுகளில் வீட்டுச் சேகரிப்புக்களும் இடப்பெயர்வோடு போயின. எஞ்சிய ஒரு தாளிலே அரிய கவிதை ஒன்று அகப்பட்டாலும், அடியில் உள்ள புனைபெயருக்கு உரியவர் யாரென்று சொல்லவல்ல முதியோர் ஆண்டுக்காண்டு அருகுகின்றனர். தாள் பிழைத்தும் ஆக்கியோன் இறந்துபடுகிறான்.

ஆதலால், எழுதுவோர் எத்தனை பெயரேனும் பூணுக. அவற்றின் நிரலை இல்லத்தாரிடமேனும் எழுதி வைத்திடுக. பதிப்பாளர் நூலின் முகப்பிலே அந்நிரலை அச்சிடுக. பத்திரிகாலயங்கள் தம் பழைய ஏடுகளிற் கண்ட பெயர்களுக்கு உரியோரைக் குறித்துவைக்க. நூலகர் இரு பெயரையும் ஒரே அட்டையிற் பிணைத்திடுக. மூத்த எழுத்தாளர் வீடுகளுக்கு மாணவரை அனுப்பி இப்பெயர்களைக் கேட்டு எழுதுவிக்கும் பணியை நம் கல்லூரிகளே மேற்கொள்ளலாம். ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும். ஆனால் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தள்ளிப்போடத்தக்க பணியன்று அது.