ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள்: இதய நலக் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் முன்வைப்பது:

காய்கறி நிறையச் சாப்பிடு, எண்ணெயைக் குறை, தினமும் நட என்று டாக்டர்கள் சொல்வதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, பிரஷர், சர்க்கரை, தொப்பை, காய்கனிக் குறைவு போன்ற, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59 என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். பிள்ளைகள் இன்னும் கல்லூரியில் இருக்கும் வயது. எங்கள் குறை வேறு. அறிவுரை ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. ரேஷனில் கிடைப்பதோ பெரும்பாலும் அரிசியும் பாமாயிலும்தான்.

ஆகவே முதல் கோரிக்கை ரேஷன் கடை பற்றியது. 25 ரூபாய்க்குத் தரும் ஒரு லிட்டர் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பதில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கொடுங்கள். கட்டுப்படியாகாது என்றால் அரை லிட்டர் போதும். குறைவாக ஊற்றுவதும் நல்லதுதானே. தேங்காய் எண்ணெய் கேட்கும் தென்னை விவசாயிகளின் கஷ்டம் புரிகிறது. ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிடவும் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு நிற்க முடியவில்லை. 30 ரூபாய்த் துவரம் பருப்பை இரண்டு கிலோ ஆக்குங்கள், கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் சேருங்கள். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினீர்கள். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் களி கிண்டத் தெரியும்.

இதைச் சைவப் பிரசாரமாக யாரும் திரிக்க வேண்டாம். சத்துணவு முட்டையில் கை வைக்கக் கூடாது. மலையாகக் குவித்த வெள்ளைச் சோறு, அப்பளம், ஊறுகாய், நெய் சொட்டும் மைசூர்பாகு எல்லாமே சுத்த சைவம்தான். அவை இதயத்தைக் காப்பாற்றுவதில்லை. நாங்கள் கேட்பது தட்டில் பாதி காயும் கீரையும். அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, உடற்பயிற்சி, மன அமைதிப் பயிற்சி, புகை நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு சற்றுக் குறைந்ததாக 1990-ல் வெளியிட்டார். சிறிய ஆய்வு. அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியர்கள் மேல் நடவடிக்கை வேண்டும்.

மதுரையில் 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகள் பெரும்பாலும் காலையில் முடிந்துவிடுகின்றன. விடியலில் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்குக் கீரைக்கட்டு எப்படிக் கிடைக்கும்? மாலையிலும் திறந்து வையுங்கள்.

வடைச் சட்டியில் காலையில் ஊற்றிய எண்ணெய் மாலைக்குள் கறுத்து, நுரைத்து, பஜ்ஜிக்கும் அதுவே ஆகிறது. இப்படித் திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என 2018 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவியோடு உணவுப் பாதுகாப்பு அலுவலர் டீக்கடைக்கு வரட்டும். அபராதத்துக்கு முன், பழைய எண்ணெயை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் அதைக் கொட்டமாட்டார்.

வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள், அந்த வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் உப்பு செலவாகிறது என்றும் கேட்கட்டும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். இதய வார்டு உள்ள ஆஸ்பத்திரி கேன்டீன்களில் பூரி மசாலாவை நிறுத்துங்கள்.

மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்ததற்கு நன்றி. எங்கள் தெருவில் நடைமேடை மீது நிற்கும் பைக்குகளை அகற்றினால் அங்கேயே நடந்துகொள்வோம்.

ரேஷன் எண்ணெய் மாற்றத்தை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும். உடன்படுகிறவர்கள் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் உங்கள் ஆட்சியரிடம் ஒரு பிரதி கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வாருங்கள்.