மயக்க ஊசி: மருந்தா, ஆளா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுற ஆளு. மருத்துவப் பதிவர்கள் தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க.

ரெண்டு மாசமா அப்பாவுக்கு மலத்துல ரத்தம். மூலம்னு நினைச்சு கைவைத்தியம் பாத்துட்டு யாருகிட்டயும் மூச்சு விடலை. லீவுக்கு உவரி போனப்பதான் அம்மா போட்டுக் குடுத்தாங்க. கொலனோஸ்கோப்பி பாத்துரலாம்னா மனுசன் மசியலை.

"ஏல, முப்பது வருசம் கடலுக்குப் போனவன், எனக்கென்ன பயம்? மயக்க ஊசிதான் வேண்டாம். மைக்கேல் ஜாக்சனையே கொன்ன மருந்தாம்லா?"

நியாயமான கேள்வி. உக்காந்து படிச்சேன்.

நம்மூர்ல பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு மிடசோலமும் ஃபென்டானிலும் சேர்த்து. அரைத்தூக்கம், கூப்பிட்டா பதில் வரும். அளவு கூடிட்டா ஃப்ளுமசெனில், நலாக்சோன்னு மாத்து மருந்து இருக்கு. ஆனா தெளிய நேரமாகும், வயசானவங்களுக்கு இன்னும் லேட்டு. ரெண்டாவது புரோபோஃபால், பால் மாதிரி வெள்ளை மருந்து. ஒரு நிமிசத்துல தூக்கம், நிறுத்தினா சில நிமிசத்துல முழிப்பு. ஆனா மாத்து மருந்து கிடையாது. கொஞ்சம் கூடினாலும் மூச்சு நிக்கலாம். ஊசியே இல்லாம செஞ்சுக்கிறவங்களும் உண்டு.

எது பாதுகாப்பு? ஜாக்சன் 2009-ல இறந்தது வீட்டுப் படுக்கையறையில. ஒழுங்கான கண்காணிப்புக் கருவி இல்லை, டாக்டர் பக்கத்துலயும் இல்லை. 2011-ல கோர்ட் அவரைக் குற்றவாளின்னு சொல்லிருச்சு. சரி, வீட்டை விடுங்க. நடிகை ஜோன் ரிவர்ஸ் 2014-ல நியூயார்க் கிளினிக்ல புரோபோஃபால் குடுத்து தொண்டை, இரைப்பை பரிசோதனை பண்ணும்போதுதான் மூச்சடங்கி, ஒரு வாரத்துல போய்ட்டாங்க. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் இறங்குறதை நேரத்துல கவனிக்கலைன்னு அரசு விசாரணை சொல்லிச்சு.

ரெண்டுலயும் மருந்து ஒண்ணு. கோட்டை விட்ட இடமும் ஒண்ணுதான், நேரத்துல ஒழுங்காக் கவனிக்கலை.

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் கொரோனாவுக்கப்புறம் எல்லா வீட்லயும் இருக்கு. ஆனா மூக்குல ஆக்சிஜன் போய்க்கிட்டிருந்தா, மூச்சு நின்ன பிறகும் அது கொஞ்ச நேரம் 98 காட்டும். சர்வர் விழுந்தப்புறமும் டாஷ்போர்டு பச்சையா இருக்கிற மாதிரி! வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடை அளக்கிற கேப்னோகிராஃப்தான் உடனே காட்டிக் குடுக்கும். அதையும் பாக்க ஒரு ஆள் வேணும்ல?

ரெண்டு ஆஸ்பத்திரில விசாரிச்சேன். முதல் இடத்துல மிடசோலம், செலவும் கம்மி. "மூச்சை யாரு பாப்பாங்க?"ன்னு கேட்டேன். "டாக்டரே பாத்துக்குவார், சிஸ்டரும் இருப்பாங்க." அந்த சிஸ்டருக்குத்தான் வயித்தை அமுக்கிப் பிடிக்கிற வேலையும். ரெண்டாவது இடத்துல புரோபோஃபால், ஆனா மயக்க மருத்துவர் கடைசி வரைக்கும் தலைமாட்டுல. அங்க போனோம். முதல் இடத்துல தனியா ஒருத்தர் கவனிச்சிருந்தா அதுவே போதும்னு இருந்திருப்பேன்.

அதனால மக்கா, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா மருந்து பேரோட மூணு கேள்வி கேளுங்க: மூச்சைப் பாக்க மட்டும் தனி ஆள் உண்டா? மூச்சு நின்னா காப்பாத்த அவருக்குத் தெரியுமா? அதுக்கான கருவி அந்த ரூம்லயே இருக்கா? கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. இருக்கிற நோய், வாங்குற மாத்திரை, குறட்டை எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க. எத்தனை மணி நேரம் வெறும் வயிறுன்னு சொல்றாங்களோ அதை அப்படியே கேளுங்க.

அப்பா முழிச்சதும், "எப்பல ஆரம்பிப்பாவ?"ன்னார். ரெண்டு சதைவளர்ச்சியை எடுத்துட்டாங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கோம். ஊசி போட்ட அன்னைக்கு வண்டியோ படகோ ஓட்டக்கூடாது. ஆனா சாயங்காலமே கரைக்குக் கிளம்பிட்டார்! அவரைக் கண்காணிக்கத்தான் அம்மா தலைமாட்டுல உக்காந்திருக்காங்க.