மூக்கு போன திசையில் போகும் நாய்

கேள்வி: "பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே வளர்த்த பீகிள் நாயை வீடு மாறும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு வயது. பேரப் பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிறது. ஆனால் அவிழ்த்துவிட்டால் தரையை மோந்துகொண்டே காட்டுப் பக்கம் போய்விடுகிறது. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டிப்போட்டால் நாளெல்லாம் ஊளை. 'புத்தி கெட்ட நாய், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு' என்கிறார் வீட்டுக்காரர். தீபாவளி வேறு நெருங்குகிறது. என்ன செய்யலாம்?"
- வாசகி ஒருவர், ஆமத்தூர்.

பதில்: அம்மா, அந்த நாய்க்குப் புத்தி கெடவில்லை. எதற்காக வளர்த்தெடுத்தார்களோ அந்த வேலையைத்தான் அது செய்கிறது.

நம் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய். பீகிள் அப்படியல்ல. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகவே உருவாக்கிய மோப்ப இனம். முயல் கடந்துபோன பிறகும் அதன் வாடையைப் பிடித்துக்கொண்டே போகும். வேட்டைக்காரர் பின்னால் நடந்து வருவார். தான் இருக்கும் இடத்தை நாய் குரல் கொடுத்துச் சொல்லும். நீங்கள் கேட்கும் ஊளை அந்தக் குரல்தான். மூக்கு ஒரு வாடையில் இறங்கிவிட்டால், நம் சத்தம் அதன் காதில் ஏறாது.

இந்த மூக்கு எங்கள் துறைக்கும் உதவியிருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள் நாய்களை வேலைக்கு வைத்தது. பயணிகளின் பெட்டிக்குள் பழமோ இறைச்சியோ இருந்தால், மோந்து பார்த்து அந்தப் பெட்டியருகே அமைதியாக உட்கார்ந்துவிடும். பழ ஈ போன்ற பூச்சிகளும் நோய்களும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே மூக்குதான் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. வேலை இல்லாததால்தான் தொல்லை.

வேலை கொடுங்கள்: காலையும் மாலையும் இருபதடிக் கயிற்றில், நெஞ்சுப் பட்டை போட்டு வரப்போரம் அழைத்துப் போங்கள். வேகமாக இழுக்காமல், மோந்து பார்க்க விடுங்கள். வீட்டில் ஐந்தாறு சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றிரண்டின் அடியில் வேகவைத்த கோழித் துண்டு வையுங்கள். தேடிக் கண்டுபிடிக்கட்டும். கூப்பிட்டு வரும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்தால் அடிக்காதீர்கள். அடித்தால் 'வந்தால் உதை' என்றுதான் அது படித்துக்கொள்ளும். கயிறில்லாமல் விடுவது, சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள இடத்தில் மட்டும்.

காட்டில் உள்ள ஆபத்து: முயலை மட்டும் தேடிப் போனால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். முயல் வேட்டையே சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குச் சிலர் வைக்கும் அவுட்டுக்காய். வாடையைக் காட்டி ஏமாற்றி, கடித்ததும் வெடிக்கும் பொருள் அது. மோப்ப நாய்தான் அதை முதலில் கண்டுபிடிக்கும், வாயே சிதறிவிடும். வைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது குற்றம். நாயோ, மாடோ, ஆடு மேய்க்கும் பிள்ளையோ, யார் கையில் சிக்கும் என்று உங்களுக்கே தெரியாது. எலி மருந்து கலந்த கருவாடும் அப்படித்தான். நாய் அதைத் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், மருந்துப் பாக்கெட்டோடு உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

வெடிச் சத்தம்: நம் பக்கம் கல்யாணம், கோயில் கொடை எதற்கும் வெடி உண்டு. தீபாவளியன்று பொழுது சாயும் முன்பே நடத்திக் கூட்டி வந்து, உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, டிவியை ஓடவிடுங்கள். வாசலில் கட்டிப்போடாதீர்கள். மிரண்டு சங்கிலியை இழுத்துக் கழுத்து இறுகும்; அறுத்துக்கொண்டு ஓடினால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழும். கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதி வையுங்கள். அதிகம் நடுங்கும் நாயென்றால், ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

உடம்பு: தொங்கும் காதுக்குள் காற்று போகாது. வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நாற்றமோ சீழோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். காட்டுக்குப் போய் வந்தால் உண்ணி பாருங்கள். பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கலக்கி நாய்மேல் ஊற்றுவது கூடவே கூடாது. நக்கினால் உயிருக்கே ஆபத்து. பீகிளுக்குப் போதும் என்பதே தெரியாது. அளந்து போடுங்கள், வெங்காயம் சேர்ந்த குழம்பு வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம் தவறக்கூடாது. நான் பயிர் படித்தவன். ஊசி, மருந்துக்கெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு.

ஐயாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். காலை நடையை அவரிடமே ஒப்படையுங்கள். அதற்குப் பிறகும் முடியாது என்றால், மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், வாங்கியவன் அவன்தானே. ஊர் எல்லையில் மட்டும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. உங்கள் வாடையைத் தேடித்தான் அது அலையும்.