படிக்கப் போனீர்களா, பார்க்கப் போனீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"வெளிநாட்டு ஆய்வுப் பயணம்" என்று செய்தித்தாளில் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். 2014-இல் கோவா அரசு அமைச்சர்களையும் எம்.எல்.ஏ.க்களையும் பிரேசிலுக்கு அனுப்ப 89 லட்சம் ரூபாயில் திட்டம் போட்டது. எதை ஆய்வு செய்ய? உலகக் கோப்பைக் கால்பந்தை! ஊரே கைகொட்டிச் சிரித்தது.

கால்பந்து என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மக்கள் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு என்று சொல்லிப் பெட்டி கட்டினால் சிரிக்க முடியுமா?

வெளிநாட்டுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஐ.பி.எஸ். அதிகாரிகளைப் பயிற்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதுண்டு. அங்கே குற்றவியல் பேராசிரியராக இருந்தவர் லாரன்ஸ் ஷெர்மன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தை ஆராய்ந்து 1989-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் சொன்னது இதுதான்: போலீசுக்கு வரும் அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வருகிறது. குற்றம் ஊர் முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. சில மூலைகளில் குவிந்து கிடக்கிறது. அந்த மூலைகளைத் தெரிந்துகொள், அங்கே போய் நில். கடல் தாண்டிப் படித்த பாடமே "உன் தெருவைப் பார்" என்பதுதான்!

நம் தெருவுக்கு வருவோம். நம் இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். அதற்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் அங்கே சாராயம் என்று நம்பி மெத்தனாலைக் குடித்தார்கள். தொழிற்சாலையில் பயன்படுத்தும் விஷம் அது. கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள். நிவாரணம், கைது, பணியிடை நீக்கம் எல்லாம் நடந்தன.

பதின்மூன்றே மாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அதே மெத்தனால். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. மரக்காணத்தில் கற்ற பாடத்தைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக பாஸ்போர்ட்டா வேண்டும்? பஸ் டிக்கெட் போதுமே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஆய்வு என்றால் என்னவென்று இரும்பைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இங்கே செம்மண் பொட்டல். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வரப்பு போட்டார்கள், மழைநீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள். நாலு நாள் தங்கிப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இன்று நிழல் இருக்குமா?

ஒரு வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போக, அது பக்கத்து மாமல்லபுரமாக இருந்தாலும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், தலைமையாசிரியர் அனுமதி வேண்டும். திரும்பி வந்ததும் வரவு செலவுக் கணக்கு. பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு உள்ள விதி, மக்கள் பணத்தில் பறக்கிற பெரியவர்களுக்கு ஏன் இல்லை?

நான் கேட்பது மூன்றுதான். போகும் முன் எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறோம் என்று எழுதி வையுங்கள். அந்த விடை நம் மாவட்டத்திலேயே கிடைக்குமா என்று முதலில் இங்கே தேடுங்கள். திரும்பியதும் செலவுக் கணக்கையும் கற்றதையும் தமிழில் வெளியிடுங்கள்.

காவல்துறையிலும் வருவாய்த்துறையிலும் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் அந்த வாய்ப்பு வரும். தாராளமாகப் போய் வாருங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் அதற்கு முன் ஒருமுறை எக்கியார்குப்பம் போய், அப்பாவை இழந்த ஒரு பிள்ளையிடம் பேசிவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் போலவே இங்கேயும் கேள்வி கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.